குவாக்குவின் ஒரு வாரம்

மாம்போங்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மருமகன் குவாக்குவுக்கு,

உன் மாமா ஆட்டா போன்சு ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அத்தையும் முழங்கால்களைத் தவிர மற்றபடி நலம். நீயும் தேமாவில் நலமாக, முக்கியமாக உயிரோடு, இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரை இந்த ஊரில் அந்த நம்பிக்கை உள்ளவன் நான் ஒருவன்தான். நீ இறந்துபோனதாக உனக்கு யாரும் போன் செய்திருந்தால் கவலைப்படாதே, அதற்கு முழுக் காரணமும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. போனிலேயே சொல்லலாமே என்பாய். நீ எடுத்தால்தானே. முப்பத்தொரு வருடம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், கடிதம் எப்படியும் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரை உனக்கு நினைவிருக்கும். அது இந்த வீட்டுக்கு ஒரு புதன்கிழமை வந்தது என்பதால், புதன்கிழமை பிறந்த உனக்கு வைத்த பெயரையே உன் அம்மா அதற்கும் வைத்தார். வேறு பெயர் எதற்கு, இதுவும் கூப்பிட்டால் பதில் சொல்லாதுதான் என்றார். கடந்த மார்ச் மாதத்திலிருந்து அந்தக் குவாக்கு வாரம் தவறாமல் திரையில் ஒரு அறிக்கை விடுகிறது. அதனுள்ளே இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுள் அக்டோபர் நடுவில் முடிகிறதாம், புதியதற்கு மாறிவிட வேண்டுமாம், மாறாவிட்டால் திருடர்கள் நுழைவார்களாம். கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று ‘இப்போதே மாற்று’, மற்றொன்று ‘ஒரு வாரத்தில் நினைவூட்டு’. நான் ஒழுங்காக இரண்டாவதை அமுக்கிவந்தேன். ஈஸ்டருக்கு நீ போன் செய்தபோது கேட்டேன், “மாறிடுங்க மாமா, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி வைத்துவிட்டாய். ஒண்ணும் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லித்தான் என் இடது முழங்கால் இப்படி இருக்கிறது. ஆகவே மாறுவதா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, நான் இதில் அச்சடித்துத் தரும் சாவுப் பாட்டுத் தாளை வாங்கப் பெரியவர் ஜாம்ஃபி வந்தார். சாவு வீடுகளில் மதுபானம் வார்த்து முன்னோரை அழைப்பவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். காது கொஞ்சம் மந்தம், கண் கூர்மை. திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆயுள் முடிகிறது, ஒரு வாரம். நம் ஊரில் அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஒருவர் இறந்து ஒரு வாரத்தில் உறவு கூடி அடக்கத்துக்குத் தேதி குறிக்கிற அந்த ‘ஒரு வாரம்’தான் அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு வாரம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “யாருக்கு?” என்று கேட்டார்.

“குவாக்குவுக்குத்தான்” என்றேன்.

“எப்படி?”

“எல்லாம் இந்த ஆப்பரேட்டிங் விஷயம்தான். தேமாவிலயே கேட்டுப் பார்த்துட்டேன். அக்டோபருக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்லையாம்.”

அவர் என் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டுத் தாளைக்கூட வாங்காமல் போனார்.

அதற்கடுத்த ஒரு வாரம் எனக்கு நடந்த மரியாதையை இந்த வயதில் நான் எதிர்பார்க்கவில்லை. கிழங்குக்காரி நல்ல கிழங்காகப் பொறுக்கித் தந்தாள், சவரக் கடையில் எனக்காக இரண்டு பேர் எழுந்து வழிவிட்டார்கள், தேவாலய வாசலில் நான் கடந்துபோனால் பேச்சுக் குரல் தணிந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஊர் இத்தனை அனுதாபம் காட்டுகிறதே, நாம்தான் இந்த ஊரைக் குறைவாக எடைபோட்டுவிட்டோம் என்று உன் அத்தையிடம் சொன்னேன். இழப்பு பெரியதுதான் என்று ஊரார் சொன்னால், பதினோரு வருடம் உழைத்தது, இனி அதைக் குறை சொல்லக் கூடாது என்று நானும் பதில் சொன்னேன். நீ துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தும் பதினோரு வருடம்தான் ஆகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இடையில் சிலர் சந்தேகப்பட்டு உனக்கே போன் செய்து பார்த்திருக்கிறார்கள். நீ எடுக்கவில்லை. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

போன வெள்ளிக்கிழமை நான் பல் விளக்கிவிட்டு வெளியே வந்தால் வாசலில் பந்தல். நீல நாற்காலிகள் நூற்றைம்பது. சிவப்பும் கறுப்புமாகத் துணி கட்டிக்கொண்டு சனம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பின்கட்டில் பெண்கள் பனம்பழச் சூப்பைக் கொதிக்கவிட்டு, கிழங்கை ஃபூஃபூக் களியாக இடித்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அத்தை துடைப்பமும் கையுமாக நிற்கிறாள். நானும் போய் உட்கார்ந்தேன், உட்காராமல் எப்படி? ஜாம்ஃபி எழுந்து நிலத்தில் ஜின்னை வார்த்து முன்னோர்களை அழைத்து, “யா செர்வாவோட மகன், தேமா துறைமுகத்துல வேலை பார்த்த குவாக்கு உங்ககிட்ட வர்றான்” என்றார்.

மருமகனே, அந்த ஒரு நிமிடத்தை உனக்கு எப்படி எழுதுவது? எல்லாம் என்னால் வந்த குழப்பம் என்று புத்திக்குப் புரிவதற்கு முன்னால், இத்தனை பேருக்குத் தெரிந்தது எனக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்துவிட்டேன். நான் செய்த போனையும் நீ எடுத்திருக்கவில்லை. உன் அம்மா போன அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. பிறகுதான் எழுந்து சொன்னேன்: “சாகப்போறது அந்தக் குவாக்கு இல்ல. உள்ள மேசை மேல இருக்கிற குவாக்கு.”

ஜாம்ஃபி பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார். கடைசியில் குடித்தலைவர் நானா டுவும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பந்தல் போட்டாச்சு, சூப்பும் கொதிக்குது. எந்தக் குவாக்குவா இருந்தா என்ன, விசாரிச்சுட்டே போவோம்” என்றார். ஆக, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவதா வேண்டாமா என்று மாம்போங்கில் நூற்றைம்பது பேர் துக்க உடையில் மூன்று மணி நேரம் விவாதித்தார்கள். திருடர் நுழைவார்கள் என்பதால் மாற்ற வேண்டும் என்று ஒரு கட்சி. திருடர் வந்து பாட்டையா கொண்டுபோகப் போகிறார்கள் என்று இன்னொரு கட்சி. அக்ராவில் தன் தம்பி மாற்றினான், மறுநாளே அச்சு இயந்திரம் அவனை யாரென்று கேட்டது என்றார் ஒருவர்.

பிறகு நான் என் பயத்தைச் சொன்னேன். உன் அம்மா பாடிய சாவுப் பாட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டும் அதில்தான் இருக்கின்றன, அவர் கட்டிலில் கிடந்து பாடப்பாட நான் ஒற்றை விரலால் தட்டியவை. நம் மொழியில் வாய் திறந்து சொல்லும் அந்த எகரத்துக்கும் ஒகரத்துக்கும் விசைப்பலகையில் இடமில்லை என்று நீதான் ஒரு எழுத்துருவைச் செய்துகொடுத்தாய். 3 என்று தட்டினால் எகரம், மூடும் அடைப்புக்குறியைத் தட்டினால் ஒகரம். அந்த எழுத்துரு பழையதில்தான் வேலை செய்கிறது. முன்பு ஒருமுறை டுஃபி டீச்சரின் பள்ளியில் இருக்கும் புதிய கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைத் திறந்து பார்த்தோம், முதல் வரியிலேயே ஏழு மூன்றும் நான்கு அடைப்புக்குறியும். பாட்டுக் குழுவின் மாமே ஆஃப்ரியே விடாமல் அதையும் ராகம் போட்டுப் பாடினாள். கணக்குப் பாடத்துக்கு அழுத மாதிரி இருந்தது.

நானா டுவும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த எழுத்தைச் செஞ்சது யாரு?” என்றார்.

“குவாக்கு.”

“எந்தக் குவாக்கு?”

“உயிரோட இருக்கிறவன்.”

“அப்ப அவன் வரட்டும். வாரிசு இல்லாம தேதி வைக்கலாம், அடக்கம் பண்ண முடியாது.”

அதன்படி அக்டோபர் பதினொன்றாம் தேதி சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அன்று நீ நேரில் வந்து பாட்டுகளைப் பத்திரமாகப் புதிய எழுத்துக்கு மாற்றிய பிறகுதான் பழையது போகும். குடித்தலைவரின் உத்தரவு இது, நான் வெறுமனே எழுதுகிறவன். நீ கடைசியாக வந்தது உன் அம்மாவின் அடக்கத்துக்கு. ஆறு வருடமாகிறது. தேமாவிலிருந்து பேருந்தில் ஒரு பகல்தான். வேலை இருக்கும், தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பந்தாட்டச் சண்டையில் உன்னோடு பேச்சை விட்ட யாவ் மான்டே அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நீ உயிரோடு இருப்பதாக நான் சொன்னதும், உன்னைத் திட்டிவிட்டு இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

உன் வேலை உயரவும், உன் உடம்பு கெடாமலிருக்கவும், நீ அவ்வப்போது போனை எடுக்கவும் முன்னோர்களை வேண்டிக்கொள்கிறேன். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமா,
ஆட்டா போன்சு

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்ட பிறகு டுஃபி டீச்சர் வந்தார். எல்லா மூன்றையும் அந்த எகரமாக்கு, எல்லா அடைப்பையும் அந்த ஒகரமாக்கு என்று ஏதோ இரண்டு கட்டளை கொடுத்தார். பத்து நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டும் சரியாகிவிட்டன. பாட்டு எண்களில் இருந்த மூன்றும் எகரமாகிவிட்டது, அது போகட்டும். பிறகு அவரே ‘இப்போதே மாற்று’ என்பதையும் அமுக்கிவிட்டார், புதியது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆகவே நீ வந்து செய்ய வேண்டிய வேலை இங்கே ஒன்றும் இல்லை. இதை நான் நானா டுவுமிடம் சொல்லவில்லை, டீச்சரையும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறேன். பதினொன்றாம் தேதி வந்துவிடு.