பதினொண்ணை ஒன்பதுன்னு சொன்னேன்

விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஹவுராவுக்குப் போய் ஒரு பழைய பைக்கைப் பாத்துட்டு வரணும்.

பாத்துட்டு மட்டும்தான் வரணும். வாங்கிட்டு வரணும்னு யாரும் சொல்லலை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க மக்களே.

பைக் பைத்தியம் நான் இல்ல, என் வீட்டுக்காரர் செந்தில். அதுலயும் சாதாரண பைக் இல்ல, ட்ரையல்ஸ் பைக். பாறை மேலயும் சேத்துலயும் கால் தரையில படாம ஓட்டற போட்டிக்குன்னே அந்தக் காலத்துல இங்கிலாந்துல செஞ்சது. நின்னுக்கிட்டேதான் ஓட்டணுமாம். அதனால சீட்டுன்னு பேருக்கு ஒரு சின்னத் துண்டு இருக்கும். உக்கார இடம் இல்லாத வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு ஆசைன்னு கேட்டா, "உனக்குப் புரியாது"ம்பார்.

கொல்கத்தா சால்ட் லேக்ல எங்க குவார்ட்டர்ஸ் தரைத்தளம். பின்னாடி அழகான வராண்டா. அதுல நாலு வருஷமா ஒரு பைக் பிரிச்ச மேனிக்குக் கிடந்துச்சு. செயினை என் இட்லிப் பானையில மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப்போட்டவர் அவர்! போன மாசம்தான் சண்டை போட்டு, அழுது, ரெண்டு நாள் பேசாம இருந்து, அதை விக்க வெச்சேன். வராண்டா காலியாச்சு. அன்னிக்கே ரெண்டு பிரம்பு நாற்காலிக்கு ஆர்டர் குடுத்துட்டேன். மழை பாத்துக்கிட்டு காபி குடிக்கணும், அவ்வளவுதான் என் லட்சியம்.

அவர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "செகண்ட் சீரிஸ் கிடைச்சா மட்டும் வாங்குவேன். தேர்டு சீரிஸை யாராவது சும்மா குடுத்தாக்கூடத் தொடமாட்டேன்."

அந்த வண்டியை மூணு சீரிஸா மாத்தி மாத்தி செஞ்சாங்களாம், அதுல செகண்ட் சீரிஸ் கொஞ்சம்தானாம். இந்தியாவுல எங்கேயும் இருக்காதாம். சரி, இல்லாததுக்கு எதுக்கு பயம்னு நானும் தலையாட்டினேன்.

மூணாவது வாரமே ஹவுராவுல கிடைச்சுடுச்சு!

ஏதோ சணல் மில் துரை கொண்டுவந்த வண்டியாம். இப்ப பாபுன்-தா, அதாவது பாபுன் அண்ணன்னு, ஒரு லேத் பட்டறைக்காரர்கிட்ட இருக்கு. என் வீட்டுக்காரரோ ஆபீஸ் ட்ரெய்னிங்குக்கு சென்னை போயிட்டார். அன்னிக்கு சாயங்காலமே ஜம்ஷெட்பூர்ல இருந்து வேற ஆள் வர்றாராம்.

"கவிதா, நீ போய்ப் பாத்து ரெண்டாவதா மூணாவதான்னு சொல்லிடு. ப்ளீஸ்."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"உனக்குத் தெரியாததுதான் நல்லது. வித்தியாசத்தைச் சொல்லிக்குடுத்தா அதையே மனசுல வெச்சுக்கிட்டுப் பாப்பே. நான் ஃபோன்ல கேக்கறேன். கண்ணுல படறதை அப்படியே சொல்லு, போதும்."

உண்மையைச் சொல்லணும்னா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து சாப்பிடறப்ப எல்லாம் அவர் இந்த வித்தியாசத்தைத்தான் சொல்லிட்டிருக்கார். நான்தான் 'ம்' போட்டுக்கிட்டே ரசத்துக்கு உப்பு சரியான்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

செக்டர் ஃபைவ் ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டுக் கிளம்பினேன். மெட்ரோ ஆத்துக்கு அடியில போறப்பவே முடிவு பண்ணிட்டேன். அது எந்த சீரிஸா இருந்தா எனக்கென்ன? என் வாயில இருந்து தேர்டுன்னுதான் வரணும்.

டோட்டோங்கற பேட்டரி ரிக்‌ஷாவுல இருந்து இறங்கி சந்துக்குள்ள போனா, பட்டறைக்குப் பட்டறை பந்தல். மைக் செட்டு காதைக் கிழிக்குது. மொட்டை மாடி எல்லாம் பட்டம். பாபுன்-தா புது குர்தாவுல ஓடி வந்தார்.

"ஆஷுன் ஆஷுன், பௌதி!"

ஆஷுன்னா வாங்க, பௌதின்னா அண்ணி. கூப்பிடறப்பவே மனசு கொஞ்சம் இளகிடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

"வண்டி எங்க?"

காட்டினார். யானை மேல உக்காந்திருக்கற விஸ்வகர்மா சிலை. பக்கத்துல ஆள் உயரத்துக்கு ஒரு சாமந்திப்பூ மலை. அந்த மலைக்கு ரெண்டு டயர் இருந்துச்சு.

"அந்த மாலையை எல்லாம் கொஞ்சம் எடுத்தீங்கன்னா..."

பாபுன்-தா நாக்கைக் கடிச்சுக்கிட்டார். "ஆஜ்கே ஹாத் தேவா ஜாபே நா, பௌதி!" இன்னிக்குக் கை வைக்கக் கூடாதாம். மெஷின், ஸ்பேனர், ஸ்க்ரூ எல்லாத்துக்கும் இன்னிக்கு லீவு. நாளைக்குக் காலையிலதான் மாலை இறங்கும்.

நம்ம ஊர் ஆயுத பூஜையிலயும் அதானே? நானே வீட்டுல கத்தரிக்கோலைத் தொட விடமாட்டேன். 

ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே ஃபோன்.

"நான் வண்டியைப் பாக்கச் சொன்னா நீ எந்தப் பூக்கடையில நிக்கறே?"

விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நீதான் கண்ணு. சுத்தி வந்து, மாலை சந்துல பாத்து, நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு"ன்னுட்டார்.

அதுக்குள்ள பாபுன்-தா சாமியைக் கை காட்டி, "எக்தோம் அசல் செகண்ட் சீரிஸ்! விஸ்வகர்மா முன்னாடி சொல்றேன் பௌதி!"ன்னு அடிச்சு சொல்லிட்டார்.

சாமி முன்னாடி யாராவது பொய் சொல்வாங்களா? அப்ப இது செகண்ட்தான். கணக்கு சுலபம். இவர் கேக்கற ஒவ்வொண்ணுக்கும் நான் பாக்கறதுக்கு நேர்மாறா சொன்னா, அது தேர்டு ஆயிடும். என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

"முதல் கேள்வி. சைலன்சர் குழாய் எந்தப் பக்கம்?"

சாமியைச் சுத்தற மாதிரி ஒரு சுத்து வந்து குனிஞ்சு பாத்தேன். இடது.

"வலதுங்க."

பாபுன்-தா பக்கத்துலயே நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தார். தமிழ்ல பொய் சொல்றதுக்குக் கொல்கத்தா மாதிரி வசதியான ஊர் கிடையாது.

"ம்... சிலிண்டர்ல தகடு தகடா இருக்கும் பாரு. எத்தனை? ஒன்பதா, பதினொண்ணா?"

ரெண்டாவது சுத்து. இந்தத் தடவை எனக்குப் பின்னாடி ஒரு காக்கிமா வந்தாங்க. காக்கிமான்னா சித்தி, அக்கம்பக்கத்து அம்மாக்களை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அவங்க பாபுன்-தாகிட்ட என்னைக் காட்டி என்னமோ கேட்டாங்க. அவர் பயபக்தியா, "தொக்கின் தேஷேர் நியம்"னு சொன்னார். தென்னாட்டு வழக்கமாம்! மெட்ராஸ்காரங்க வண்டியை இப்படித்தான் சுத்திக் கும்பிடுவாங்களாம்!

எண்ணினேன். பதினொண்ணு.

"ஒன்பதுங்க."

அந்தப் பக்கம் மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சு. பாவம், மனசு உடையுதுன்னு நினைச்சேன்.

"டேங்க்கைத் தட்டிப் பாரு. டங்குனு கேக்குதா, டொக்குனு கேக்குதா?"

மூணாவது சுத்து. இப்ப பின்னாடி நாலு காக்கிமா. பூவுக்குள்ள கையை விட்டு ஒரு தட்டு தட்டினேன். டொக்.

புரோகிதர் மந்திரத்தை நிறுத்திட்டு என்னை முறைச்சார். கை வைக்கக் கூடாத நாள்ல கை வெச்சுட்டேனே! பயத்துல சட்டுனு ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டேன்.

பின்னாடி வந்த காக்கிமாவும் டேங்க்கை டொக்குனு தட்டிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அதுக்குப் பின்னாடி வந்தவங்களும். வரிசையா டொக், டொக், டொக்.

"அங்க என்ன சத்தம்?"

"மைக் செட்டுங்க. டேங்க் டங்குனுதான் கேக்குது."

"கடைசி கேள்வி. கவிதா, நிதானமா பாத்து சொல்லு. ஹெட்லைட் மாட்டற கம்பி இருக்கா?"

நாலாவது சுத்து. கம்பி குத்துக்கல்லாட்டம் இருந்துச்சு. "இல்லவே இல்லைங்க"ன்னேன்.

 எனக்கே கஷ்டமாப் போச்சு. "விடுங்க, அடுத்த தடவை கிடைக்கும்"னு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"கவிதா..." குரல் தழுதழுக்குது. "செகண்ட் சீரிஸ்! நாலுமே செகண்ட் சீரிஸ்! உன்னைக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்கு!"

 அப்படின்னா நான் பாத்த இடது, பதினொண்ணு, டொக், கம்பி எல்லாம் தேர்டு! அது தானாவே தேர்டு! நான் பேசாம உண்மையைச் சொல்லியிருந்தா இந்நேரம் மெட்ரோவுல வீட்டுக்குப் போயிட்டிருப்பேன்!

"ஏங்க, இருங்க! இடதுதாங்க! இப்ப மறுபடி பாத்தேன், பதினொண்ணு இருக்குங்க!"

"பதட்டப்படாதே. முதல்ல பாத்ததுதான் கரெக்டா இருக்கும். பரீட்சையிலகூட முதல்ல எழுதின பதிலை மாத்தக் கூடாது. நான் பாபுன்-தாகிட்ட பேசிக்கறேன்."

கட் பண்ணிட்டார். அடுத்த நிமிஷமே பாபுன்-தா ஃபோன் அடிச்சுது. அதுக்கடுத்த நிமிஷம் என் வாயில ஒரு சந்தேஷ் இனிப்பு. கையில நம்ம பொங்கல் மாதிரி ஒரு கிச்சுரித் தட்டு. காக்கிமாங்க எல்லாம் குலவை போட்டாங்க. ஜம்ஷெட்பூர்காரருக்கு அங்கேயே ஃபோன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிச்சு அழணும் போல இருந்துச்சு.

மறுநாள் காலையில வாடின மாலையோட வண்டி என் வராண்டாவுல வந்து இறங்கிடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு இவர் வந்தார். பெட்டியைக்கூட வைக்கலை, நேரா வராண்டா. நான் அடுப்படியிலேயே நின்னுக்கிட்டேன். வாடின மாலையை எடுத்துப் போடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு டொக்.

இன்னொரு டொக்.

பாபுன்-தாவுக்கு ஃபோன் போட்டார். அவர் பேசினது எனக்கே கேட்டுச்சு. "நான் என்ன பண்றது தாதா? எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். பௌதியே நாலு சுத்து சுத்திப் பாத்து செகண்டுன்னு சொல்லிட்டாங்களே!"

வெச்சுட்டு என்கிட்ட வந்தார். திட்டுவார்னு பாத்தா, தோள்ல கை வெச்சார்.

"உன்மேல தப்பில்ல கவிதா. எதிர்ல நின்னு பாத்திருப்பே, அதான் வலது இடது மாறிடுச்சு. மாலை மறைச்சதுல ரெண்டு தகடு விட்டுப்போச்சு. மைக் சத்தத்துல டொக்கு டங்குனு கேட்டிருக்கு. கம்பியும் பூவுக்குள்ள இருந்திருக்கும். கடைசியில நீ சரியாத்தான் சொன்னே, நான்தான் கேக்கலை."

நாலு பொய்க்கும் அவரே நாலு காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டார். இந்த மனுஷன் இவ்வளவு நல்லவரா இல்லாம இருந்தா எவ்வளவு நிம்மதியா பொய் சொல்லலாம்!  எல்லாத்தையும் ஒத்துக்கலாம்னு வாயைத் திறந்தேன்.

"உனக்கு யாரும் ஒழுங்கா சொல்லித்தரலை, அதான் விஷயம்"னார். "தேர்டு கையில இருக்கு. பக்கத்துல ஒரு செகண்டை நிறுத்தினாத்தானே வித்தியாசம் புரியும்? கார்டன் ரீச்ல ஒருத்தர் வெச்சிருக்காராம்."

வாயை மூடிக்கிட்டேன்.

பிரம்பு நாற்காலி ரெண்டும் வந்துடுச்சு. வராண்டாவுல ஒண்ணுக்குத்தான் இடம். அதுல அவர் உக்காந்து தினமும் சாயங்காலம் எனக்கு வகுப்பு எடுக்கறார். நான் வண்டி மேலயே உக்காந்துக்கலாமாம். அதுக்குத்தான் சீட்டே கிடையாதே, நின்னுக்கிட்டே காபி குடிக்கறேன்.

ஆனா இப்ப 'ம்' போடறதில்ல. நோட்டு போட்டு எழுதிக்கறேன். செயின் கவர்ல இருந்து ஃபுட்ரெஸ்ட் வரைக்கும் எல்லா வித்தியாசமும் அத்துப்படி. "இவ்வளவு ஆர்வமா!"ன்னு அவருக்குக் கண்ணெல்லாம் கலங்குது.

ஞாயித்துக்கிழமை கார்டன் ரீச் போறோம். பொய் சொல்றதுன்னா உண்மை என்னன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும் இல்லையா?