மாமா கேட்ட ஆதாரம்

என் மனைவியிடம் ‘உம்மில் எனக்கு அன்பு’ என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவது என்று, கலியாணமாகி இருபத்திரண்டாவது வருஷத்தில் முடிவெடுத்தேன். அவசரப்பட்டு எடுத்த முடிவு அல்ல. அவள் என்னோடு கதைக்காமல் விட்டு ஐந்து நாளாகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் வாயை மூடினால் பாதி வீடு மூடின மாதிரி.

காரணம் ஒரே ஒரு சொல். தன் தங்கை புளோறன்ஸின் பிள்ளைப்பேற்றுக்கு என் மனைவி யோசெப்பின் மட்டக்குளிக்குப் போய் ஒரு கிழமை நின்றாள். திரும்பி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“நான் இல்லாமல் வீடு எப்பிடி இருந்தது?”

“பிழையில்லை,” என்றேன்.

நான் வடக்கே இளவாலைக்காரன். எங்கள் பக்கத்தில் ‘பிழையில்லை’ என்றால் பெரிய புகழ்ச்சி. இவளைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் அதைத்தான் சொன்னேன், கலியாணமே நடந்தது. ஆனால் இங்கே பட்டணத்தில், கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்கு, அவள் இல்லாத வீடு பிழையில்லை என்று கேட்டால் எப்படி இருக்கும்? முகம் சுண்டிப் போயிற்று. அன்றிலிருந்து சாப்பாடு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் ‘ஓம்’, ‘இல்லை’. தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும்.

அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தேன். தொலைந்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவர்; மனுசியின் பேச்சு அவருடைய பகுதியில் வராது போலும். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது.

கோட்டையில் நான் வேலை செய்கிற கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் பாயிஸ். அவரிடம் சொன்னேன்.

“அன்பா ரெண்டு வார்த்தை சொல்லுங்களே,” என்றார்.

“தமிழில சொன்னா நாடகம் மாதிரி இருக்கும் ஐசே.”

“அப்ப இங்கிலீஸ்ல?”

“படம் மாதிரி இருக்கும்.”

“சிங்களத்துல சொல்லுங்க. சொன்ன மாதிரியும் ஈக்கும், சொல்லாத மாதிரியும் ஈக்கும்.”

நல்ல யோசனை. அரசாங்கத்தின் சிங்களப் பரீட்சையை மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணியவன் நான். ஆனால் அந்தப் பாடத்தில் விண்ணப்பம் இருந்தது, முறைப்பாடு இருந்தது, இடமாற்றம் இருந்தது, அன்பு இல்லை. பாயிஸ்தான் ஒரு துண்டில் எழுதித் தந்தார்: ‘மம ஒயாட்ட ஆதரெயி.’ எனக்கு உம்மில் அன்பு என்று அர்த்தம்.

பஸ்ஸில் அதை முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மீதிச் சல்லியைத் தூர நின்றே நீட்டினார்.

யோசெப்பின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி கையில் இருக்கும்போது சொல்வதா என்று யோசித்தேன். பிறகு துணிந்துவிட்டேன்.

“மம ஒயாட்ட ஆதரெயி.”

கத்தி நின்றது.

“என்ன? மாமா ஓயாமல் ஆதாரம் கேக்கிறாரோ?”

ஐந்து நாளைக்குப் பிறகு முழு வசனம். வந்த சந்தோஷத்தில், அது பிழையான வசனம் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

“மாமா இல்லை, மம.”

“எந்த மாமா? இளவாலை மாமாவோ? காணி வழக்குக்கு ஆதாரம் தேடுறாரோ?”

“வழக்கும் இல்லை, மாமாவும் இல்லை. நான் சிங்களத்தில சொன்னனான்.”

“எனக்கெங்க உந்தக் கந்தோர்ச் சிங்களம் விளங்கப்போகுது? தமிழில சொல்லுங்கோ.”

நம்பினேன். மீன்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்து அரை விலைக்குப் பாரை வாங்குகிறவள்தான். ஆனால் மீன் விலை பேசுகிற இடத்தில் ஆதரெயிக்கு என்ன வேலை?

“அது... உம்மில எனக்கு ஒரு இது எண்டு.”

“எது?”

“ஒரு விருப்பம்.”

“அதுக்கு மாமாட்ட என்ன ஆதாரம்?”

“மாமாவை விடும் யோசெப்பின்.” இனி மறைத்துப் பயனில்லை. “ஆதாரம் என்னட்ட இருக்கு. நீர் மட்டக்குளியில நிண்ட ஏழு நாளும் நான் கந்தோரால வந்து எங்கட கதவைத் தட்டினனான். பூட்டைத் திறக்கிற திறப்பு சட்டைப் பொக்கற்றுக்கதான் இருந்தது. உள்ளுக்க ஒருத்தரும் இல்லை எண்டும் தெரியும். எண்டாலும் தட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் நிண்டனான்.”

அவள் கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். கண் கலங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“வந்த அண்டைக்கே இதைச் சொன்னா என்ன?”

“வீடு எப்பிடி இருந்தது எண்டுதானே கேட்டனீர். நான் எப்பிடி இருந்தனான் எண்டு கேக்கேல்லையே.”

சிரித்துவிட்டாள். பிறகு சாவகாசமாகச் சொன்னாள்.

“நீங்கள் சிங்களத்தில சொன்ன உடனயே எனக்கு விளங்கினது. கொட்டாஞ்சேனையில பிறந்தவளுக்கு அது விளங்காதோ?”

“அப்ப மாமா?”

“மாமா வராட்டி உந்தக் கதவுக் கதை வெளியில வந்திருக்குமோ?”

அவள் ஈரக் கையை நீட்டினாள்.

“சரி, திறப்பை இஞ்ச தாங்கோ. தட்டுற ஆளுக்கு அது என்னத்துக்கு?”

நினைத்த நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைய எனக்கு இருந்த ஒரே சுதந்திரம், அன்பைச் சொன்ன ஐந்தாவது நிமிஷம் அவள் இடுப்பில் ஏறியது.