வியாழக்கிழமைப் பிழைகள்

அனுப்பி முடித்த பிறகுதான் லென்ஸ்காரர் தம் பதிலைப் படித்துப் பார்த்தார். பார்த்ததும் பகீரென்றது. 'ஜி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'டி.எஸ்.' என்று எழுதியிருந்தார்.

இதில் என்ன குடி முழுகிப்போயிற்று என்று வெளியாட்களுக்குத் தோன்றும். விஷயம் இதுதான். 1945-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு நாணயச்சாலைக்குத் தலைவர் மாறினார். தலைவரின் பெயரெழுத்தைக் காசில் பொடியாகப் பொறிப்பது அங்கே வழக்கம். அதனால் அந்த வருடத்துக் காசு சிலவற்றில் பழையவரின் 'ஜி' இருக்கும், சிலவற்றில் புதியவரின் 'டி.எஸ்.' இருக்கும். இன்னும் சிலவற்றில், பழைய அச்சை வீணாக்க மனமில்லாமலோ என்னவோ, 'ஜி'யின் தலைமேலேயே 'டி.எஸ்.'ஸை ஏற்றி உட்கார வைத்திருப்பார்கள். எழுத்து எறும்புத் தலை அளவுதான் இருக்கும். எந்தக் காசு எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்காகவே அந்த ஊரில் பதினான்கு பேர் சேர்ந்து கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். இதற்கெல்லாமா குழு வைப்பார்கள் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு வேறு குழு இருக்கிறது.

புதன்கிழமைதோறும் யாராவது ஒரு காசைப் படமெடுத்துப் போடுவார்கள். லென்ஸ்காரர் அதன்மேல் லென்ஸை வைத்துப் பார்த்து வகை சொல்வார். ஒன்பது வருடமாக அவர் சொன்னதுதான் முடிவு. அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்திய கண் அது. கல்யாணம் நிச்சயமான பிறகு வருங்கால மனைவி எழுதிய முதல் கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிய மனிதர். அதையும் பொறுத்துக்கொண்டு முப்பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்திய அந்த அம்மாள் மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிழை செய்யவும் ஆளில்லை, திருத்தவும் ஆளில்லை.

அவர் பதில் சரியாக இருந்தால் குழுவில் ஒரு கட்டைவிரல் படம் வரும். அதோடு அடுத்த புதன்தான். சரியாகச் சொன்னவரிடம் மேற்கொண்டு பேச யாருக்கு என்ன இருக்கிறது?

அன்றைக்கு மட்டும் இருபத்து மூன்று செய்திகள் வந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் திருத்தம் எழுத உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. எங்கோ பக்கத்து வீட்டில் அடிக்கிறது என்று நினைத்து முதலில் சும்மா இருந்தார். அது கடைசியாக அடித்தது கேஸ் சிலிண்டர்காரர் வழி கேட்டபோது. இப்போது கூப்பிட்டவர் குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற ஓவிய டீச்சர்.

"சார், உடம்பு நல்லா இருக்குல்ல?"

"இருக்கு டீச்சர்."

"டி.எஸ்.னு போட்டிருந்தீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"கை தவறிடுச்சு."

"கை தவறினா பரவால்ல சார். கண்ணு தவறலையே?"

பேச்சு காசிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூட்டுவலிக்கும், அங்கிருந்து டீச்சரின் மாடியில் குடியிருப்பவர் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கும் போய், நாற்பத்திரண்டு நிமிடம் கழித்துத்தான் முடிந்தது. கைபேசியை வைத்தபோது காது சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறும்வரை லென்ஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம், குழுவில் இருக்கும் பல்டாக்டர் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். வியாழன் மதியம் அவர் மருத்துவமனைக்கு விடுமுறை. வந்தவர் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார்.

"எனக்குப் பேச ஆளே இல்ல சார்," என்றார் நடுவில்.

"உங்களுக்கா? நாள் பூரா எத்தனை பேரு வர்றாங்க."

"வர்றாங்க. எல்லாரும் வாயைத் திறந்து வச்சிருக்காங்க. எவன் பதில் சொல்றான்?"

லென்ஸ்காரர் சிரித்தார். சிரித்து வெகு நாளாகியிருந்ததால் அது இருமலில் போய் முடிந்தது.

அடுத்த ஐந்து புதன்கிழமைகளும் அவர் சரியான பதிலே சொன்னார். ஐந்து கட்டைவிரல்கள் வந்தன. ஐந்து வியாழக்கிழமைகளும் அவர் வாசல் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தமக்கு மட்டும் சமைத்தார். ஒரு ஆளுக்குச் சமைப்பதைப் போல எரிச்சலான வேலை இல்லை. கழுவப் பாத்திரம் என்னவோ நாலு பேருக்கான அளவு விழுகிறது.

ஆறாவது புதனன்று, பழைய 'ஜி'யின் மேல் 'டி.எஸ்.' ஏறிய காசு ஒன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு தெளிவு. லென்ஸ்காரர் 'வெறும் ஜி' என்று எழுதினார். தப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று மூன்று முறை மெய்ப்புப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

நாற்பத்தொரு செய்திகள் வந்தன. வியாழன் மதியம் பல்டாக்டரும் டீச்சரும் சேர்ந்தே வந்தார்கள்.

"எப்படி சார் இது?" என்றார் டீச்சர்.

"லென்ஸ் கீறல் விழுந்திருக்கு," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த வியாழன் பல்டாக்டர் தம் தலையில் மாட்டிக்கொள்ளும் லென்ஸையே கொண்டுவந்து அவர் தலையில் மாட்டிவிட்டார். அதற்கடுத்த பிழைக்கு வெளிச்சம் போதவில்லை என்றார். டீச்சர் ஒரு மேஜை விளக்கோடு வந்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று ஓவியம் வரைபவர்களுக்கே உரிய பிடிவாதத்தோடு மாலை வரை நகர்த்தி நகர்த்தி வைத்தார். மூன்றாவது பிழைக்கு மேஜை உயரம் சரியில்லை என்றார். பல்டாக்டர் ரம்பத்தை எடுத்து வந்து மேஜைக் காலையே அறுத்துவிட்டார். இப்போது லென்ஸ்காரர் உட்கார்ந்தால், காசில் எழுத்து மட்டுமல்ல, அச்சு வெட்டியவன் உளி சறுக்கிய கோடுகூடத் தெரிந்தது. சாக்குச் சொல்ல வீட்டில் இனி ஒரு சாமானும் மிச்சமில்லை.

இதற்கிடையில் இன்னொரு வம்பு கிளம்பியது. குழுவில் மற்றவர்களும் தப்புச் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் டீச்சர், அச்சடித்தாற்போலத் தெரிந்த 'டி.எஸ்.'ஸை 'ஜி' என்றார். பிறகு பல்டாக்டர், 1945-ஐயே 1946 என்று படித்தார். அடுத்தடுத்து இன்னும் நாலைந்து பேர். முதல் படியில் விட்ட பிழை ஆயிரம் பிரதியிலும் போய் உட்காரும் என்று அச்சகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் லென்ஸ்காரர். இப்போது அவரே முதல் படி. நம்பிப் பின்னால் வந்தவர்களின் கண்ணையும் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தூக்கம் போயிற்று.

பாவத்தைக் கழுவ, தப்புச் செய்தவர்கள் வீட்டுக்கெல்லாம் தாமே நடந்தார். டீச்சர் வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றுக்குக் கடையில் சுற்றித் தந்த பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. டீச்சர் அதை அவசர அவசரமாகக் கிழித்து, "உக்காருங்க சார், உக்காருங்க," என்றார்.

"டீச்சர், இந்த டி.எஸ். உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

"தெரியல சார். டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன். கொஞ்சம் மங்கல்னு சீட்டு குடுத்திருக்காங்க."

"பல்டாக்டருக்கும் அப்படித்தானாம்."

"ஆமாம். வயசாகுதில்ல."

பல்டாக்டரின் நோயாளிகளை நினைத்து லென்ஸ்காரர் ஒரு கணம் தம் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, 'டி'யின் குறுக்குக்கோடு எங்கே தொடங்குகிறது என்று டீச்சருக்குப் பொறுமையாகக் காட்டினார். டீச்சர் ஏழு முறை பார்த்தும் பிடிபடவில்லை என்றார். திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், நடையில் ஒரு துள்ளல் இருந்ததை அவரே கவனித்தார்.

நாலாவது மாதம் அவர் செய்த பிழைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வருடத்தையும் எழுத்தையும் சேர்த்துத் தப்பாகச் சொன்னார். பல்டாக்டர் நிஜமாகவே பயந்துபோனார். லென்ஸ்காரர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து, வெளியூரில் இருக்கும் அவர் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அன்று மாலையே மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, கண்ணு தெரியலையாமே?"

"யாரு சொன்னா? நல்லாத் தெரியுது."

"அப்ப எதுக்கு அந்தக் காசையெல்லாம் தப்புத் தப்பாச் சொல்றீங்க?"

அவர் கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"டெஸ்ட் பண்ணிச் சீட்டை எனக்கு அனுப்புங்க. கண்ணு மோசம்னு வந்துச்சுன்னா இனிமே தனியா இருக்கவேண்டாம். வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க."

மகளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அதில் சந்தேகமில்லை. ஆனால் மனைவி போன புதிதில் அவர் அங்கே இரண்டு மாதம் இருந்து பார்த்திருக்கிறார். ஒன்பதாவது மாடி. ஏழு மணிக்கு மகள் போவாள், எட்டு மணிக்கு மருமகன் போவார். அந்த இரண்டு மாதத்தில் லென்ஸ்காரர் அதிகமாகப் பேசியது லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரலோடுதான். ஒருமுறை அதற்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறார்.

ஆக, கண் மோசம் என்று சீட்டு வந்தால் வீடு போச்சு. கண் நன்றாக இருக்கிறது என்று வந்தால் இத்தனை நாள் ஆடிய நாடகம் அம்பலமாகி வியாழக்கிழமை போச்சு. இரண்டில் எது போனாலும் மிச்சமிருப்பது அந்த ஜன்னலும் எதிர்வீட்டுச் சுவரும்தான், அல்லது ஒன்பதாவது மாடி. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். கண்ணாடிக் கடையில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையில் மேலே நாலு வரியைச் சரியாகப் படிப்பது. ஐந்தாவது வரியில் தடுமாறுவது. அதோடு நிறுத்திவிடுவது.

வியாழக்கிழமை பல்டாக்டரும் டீச்சரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். சாலையைக் கடக்கும்போது இரண்டு பேரும் இரண்டு பக்கமும் இழுத்ததில்தான் அவர் விழப் பார்த்தார். அவர்களை வெளிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார்.

கண் பரிசோதிக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு அட்டையைக் காட்டினாள்.

"படிங்க ஐயா. எதுவரைக்கும் தெரியுதோ அதுவரைக்கும்."

நாலு வரி படித்தார். ஐந்தாவது வரி வந்தது. தடுமாற வேண்டும் என்று நினைத்தார். ஆனால் முப்பத்தாறு வருடப் பழக்கம். கண்ணெதிரே இருக்கும் எழுத்தை வேறு எழுத்தாகச் சொல்ல வாய் வரவில்லை. கைபேசியில் தப்பாக எழுதுவது வேறு, வாய்விட்டுப் படிப்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று மளமளவென்று இறங்கிக் கடைசி வரியையும் முடித்தார்.

"கடைசி வரில மூணாவது எழுத்து லேசாச் சாஞ்சிருக்கும்மா," என்றார் தம்மையறியாமல். "கீழ ஓரத்துல அச்சகத்துப் பேரு இருக்கே, அதுல ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

அந்தப் பெண் எழுந்து போய் அட்டைக்கு மூக்கை ஒட்டினாற்போல நின்று பார்த்தாள். திரும்பி வந்து விளக்கைப் போட்டாள்.

"எனக்கே கிட்டப் போனாத்தான் தெரியுது. உங்களுக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்ல ஐயா. அப்படியே எழுதிடறேன்."

"எழுதாதம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். லென்ஸ்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் மனைவியிடம்கூட அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"கொஞ்சம் மங்கல்னு மட்டும் எழுதிக் குடு. ரொம்ப வேண்டாம். ரொம்பன்னா என் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடுவா. கொஞ்சமா எழுதினாப் போதும்."

"எதுக்கு ஐயா?"

மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். 'ஜி'யும் 'டி.எஸ்.'ஸும், கட்டைவிரலும், கை தவறிய முதல் பிழையும், கை தவறாமல் செய்த மற்றப் பிழைகளும், காலறுந்த மேஜையும் எல்லாம் வெளியே வந்தன.

"சரியாச் சொன்னா ஒருத்தரும் வர்றதில்லம்மா. தப்பாச் சொன்னாத்தான் வர்றாங்க. நாலு மாசமாப் பொய் சொல்லிச் சொல்லி ஆள் சேர்த்துக்கிட்டிருக்கேன். வெளிய உக்காந்திருக்காங்களே ரெண்டு பேரு, அவங்க சூதுவாது தெரியாதவங்க. எனக்காக ஓடியாடி, அவங்க கண்ணும் கெட்டுப்போச்சு. இது தெரிஞ்சா இனிமே என் வாசப்படி மிதிக்க மாட்டாங்க."

அந்தப் பெண் சீட்டுக் கட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"எழுதித் தர்றேன் ஐயா. உங்க குரூப்புல இருந்து இதையே கேட்டு வந்ததுல நீங்க எட்டாவது ஆளு, வெளிய உக்காந்திருக்கற ரெண்டு பேருக்கும் போன மாசம்தான் எழுதிக் குடுத்தேன்."