பன்னிரண்டாவது நிமிடத்துக் குதிரை

கண்ணாடிக் கடைக்காரர் திடுக்கிட்டு விழித்தபோது திரையில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

'ஆழிமுடி' தொடரின் நாலாவது சீசன், முதல் பாகம், முடிந்துவிட்டது. மூன்று வருடம் காத்திருந்த பாகம். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஃபோன்களை அணைத்துவிட்டு, இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். இருவரும் என்பதில் பாதி பொய். அவர் பார்த்தது நாலே நிமிடம். ஒரு கடல், ஒரு கப்பல், கப்பலில் ஒரு ராணி. அதற்குப் பிறகு ஓடியது அவருடைய சொந்தக் கனவு. அதில் யாரோ ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, "எழுத்து தெரியுது, ஆனா பிடிக்கலை" என்று சண்டை போட்டார்.

"எப்படி?" என்றாள் மனைவி.

"அடேங்கப்பா! மனசைப் பிசைஞ்சிடுச்சு."

அவரிடம் இப்படி மூன்று வாக்கியங்கள் இருந்தன. மனசைப் பிசைந்துவிட்டது ஒன்று. அந்த மியூசிக் இருக்கே என்பது இரண்டு. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை என்பது மூன்று. மூன்றாவது மட்டும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நூறு உண்மை. இந்த மூன்றை வைத்துக்கொண்டே இரண்டு சீசன்களைக் கடந்து வந்திருக்கிறார். முழுத் தொடரையும் பார்த்த பெண்ணின் கருத்தை யாரும் கேட்பதில்லை, தூங்கி எழுந்த ஆண் "பிரமாதம்" என்றால் அது விமர்சனம் ஆகிவிடுகிறது. எந்த ஊர் நியாயமோ!

சரி, கதைக்கு வருவோம்.

"நாளைக்கு அக்காவும் அத்தானும் வர்றாங்க. மறுபடி முதல்லேர்ந்து போட்டுப் பார்க்கப் போறோம்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நாளைக்கா? மறுபடியா?"

"அத்தானும் எல்லா சீசனும் பார்த்தவராம். நீங்க ரெண்டு பேரும் சீன் சீனா பேசுங்க. நான் கேட்கணும்."

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சாதாரண பயம் இல்லை அது. ஆறு வருடம் முன்பு, கல்யாணப் பேச்சின்போது, ஒரு காபிக் கடையில் இருவரும் முதல்முறையாகச் சந்தித்தார்கள். அவள் முதலில் கேட்டதே இதைத்தான். "நீங்க 'ஆழிமுடி' பார்ப்பீங்களா?" அவர் அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை. ஆனால் எதிரே இருந்த முகம் பிடித்துப் போயிருந்தது. "உயிரு!" என்றார். அதற்கு முன் இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்தவள் அன்று சாயங்காலமே சரி என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஒற்றை "உயிரு"வின் மேல்தான் அவருடைய வீடு, வாசல், குடும்பம் எல்லாம் நின்றுகொண்டிருக்கிறது. அதை உருவிவிட்டால்?

போதாததற்கு அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். "தப்பா எழுதினா மன்னிச்சிடுவேன், காப்பி அடிச்சா மன்னிக்க மாட்டேன்" என்று வகுப்பில் முழங்குகிறவள்.

"நான் கொஞ்சம் நோட்டு திருத்தணும்" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவர் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார். தூங்க வேண்டிய நேரத்தில் மட்டும் தூக்கம் வராது அவருக்கு.

ஞாயிறு காலை கடைக்கு ஓடினார். ஒரு மணிக்குக் கடையைச் சாத்த வேண்டும். நாலு மணிக்கு விருந்தாளிகள். அதற்குள் ஒரு முழுப் பாகத்தைத் தலையில் ஏற்ற வேண்டும். உட்கார்ந்து அதையே பார்த்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கத்தான் செய்தார். கடையின் பின்னறையில், லென்ஸ் வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். ஐந்தாவது நிமிடத்தில் தலை மேஜையில் முட்டியது.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. 'ஆழிமுடி' ரசிகர்களுக்கென்றே ஓர் இணையதளம். அதில் 'கரைக்காவலன்' என்ற பெயரில் ஒருவர் முதல் பாகத்தைப் பற்றி நேற்று இரவே நீளமாக எழுதியிருந்தார். சீன் வாரியாக, நிமிட வாரியாக. ஊமை ராணி ஏன் வாளைக் கடலில் போட்டாள், ஒற்றைக்கை இளவரசன் ஏன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான், எல்லாம் தண்ணீர் மாதிரி தெளிவு. எவ்வளவு கூர்மையான ஆள், என்று வியந்தார் கடைக்காரர். இவ்வளவு தெளிவாக எழுதுகிறவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. அந்தத் தளத்தில் கீழே "சூப்பர் சார்", "அருமை அண்ணா" என்று எழுதியிருந்த நானூறு பேரும் சந்தேகப்படவில்லை.

மனப்பாடம் செய்தார். கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தபடியே வாய் முணுமுணுத்தது. கண்ணாடி வாங்க வந்த பஸ் கண்டக்டர், "என்ன சார், நீங்களே படிச்சுட்டா நான் எதைப் படிக்கிறது?" என்று கேட்டார். பதற்றத்தில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் கதவில் இடித்துக்கொண்ட பிறகுதான் ஓடிப்போய்த் திரும்பக் கூட்டி வந்தார்.

எல்லாவற்றிலும் அவருக்கு மிகவும் பிடித்தது கரைக்காவலன் எழுதியிருந்த ஒரே ஒரு பத்தி. 'பன்னிரண்டாவது நிமிடம். யாரும் கவனிக்காத ஒரு கிழட்டுக் குதிரை. ராணி கடக்கும்போது அது மட்டும் தலை தாழ்த்துகிறது. மனிதர்கள் மறந்த மரியாதையை ஒரு மிருகம் ஞாபகம் வைத்திருக்கிறது.' அதை மட்டும் மறுபடி மறுபடி படித்தார். இது போதும். இந்தக் குதிரை ஒன்று போதும், சகலையை மண்ணைக் கவ்வ வைக்க.

நாலு மணிக்குச் சகலை வந்தார். தண்ணீர் வடிகட்டும் இயந்திரங்களை விற்கும் கம்பெனியில் விற்பனை மேலாளர். எதைப் பற்றியும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"என்ன தம்பி, பார்த்தாச்சா? நான் நேத்தே பார்த்துட்டேன். ரெண்டு தடவை!"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நிஜமான பக்தன் போலிருக்கிறதே! ஒரு கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடும். முந்திக்கொள்ள வேண்டும்.

பாகம் ஆரம்பித்தது. மனைவி ஒரு நாற்காலியில், அக்கா ஒரு நாற்காலியில், ஆண்கள் இருவரும் சோபாவில். கடல் வந்ததுமே கடைக்காரர் தொடங்கிவிட்டார்.

"இந்தக் கடலை வெறும் கடல்னு நினைக்கக் கூடாது அண்ணா. இது ராணியோட மௌனம்."

"அதேதான் நானும் நேத்து நினைச்சேன்" என்றார் சகலை.

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டார் கடைக்காரர். உற்சாகம் பிறந்தது.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்மா. ராணி வாளைப் போடறது தோல்வி இல்லை. அது ஒரு கேள்வி."

"அப்படியா? எனக்கு இதெல்லாம் தோணவே இல்லைங்க" என்றாள் மனைவி.

"நிதானமாப் பார்த்தா தோணும். நீங்கள்லாம் கதையை மட்டும் பார்ப்பீங்க."

பத்தாவது நிமிடம். கடைக்காரர் சோபாவின் நுனிக்கு வந்தார். "இப்ப ஒண்ணு வரும் பாருங்க. யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. ஒரு குதிரை."

"அந்தக் குதிரை!" என்று தொடையில் தட்டினார் சகலை. "அதுக்காகத்தானே தம்பி நான் ரெண்டாவது தடவை பார்த்தேன்!"

அப்பாடா! கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவரும் பார்த்திருக்கிறார். அப்படியென்றால் குதிரை இருக்கிறது.

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. கப்பல் வந்தது. மூடுபனி வந்தது. ராணி மேல்தளத்தில் நடந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் போனது.

"பார்த்தீங்களா?" என்றார் கடைக்காரர், குரல் தழுதழுக்க.

"பார்க்காம? என்ன கம்பீரம்! எப்படித் தலையைக் குனிஞ்சுது!" என்றார் சகலை.

"குதிரையா? கப்பல்லயா?" என்றாள் அக்கா.

மனைவி ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள். "எனக்கும் தெரியலைங்க. எங்கேன்னு காட்டுங்களேன்."

மறுபடி கப்பல். மறுபடி மூடுபனி. மறுபடி ராணி. கடைக்காரர் எழுந்து திரைக்கு அருகில் போனார். மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். குதிரை எங்கே? கரைக்காவலன் எழுதியிருக்கிறாரே! சகலை இரண்டு தடவை பார்த்திருக்கிறாரே!

"இங்கே. இந்தப் பனிக்குள்ள. வெள்ளையா இருக்கறதால சட்டுனு தெரியாது" என்றார்.

"வெள்ளையா? தம்பி, அது செம்மண் கலர்" என்றார் சகலை.

"அண்ணா, வெள்ளை."

"நான் ரெண்டு தடவை பார்த்தேன் தம்பி."

"கண்ணு சம்பந்தப்பட்டது என் தொழில் அண்ணா. வெள்ளை!"

"வேணும்னா நெத்தியில மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. அதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது."

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "எனக்குக் கடலைத் தவிர ஒண்ணும் தெரியலையே. தம்பி, நான் பவர் மாத்தணுமோ?"

"கடைக்கு வாங்க அண்ணி, செக் பண்ணிடலாம்" என்றார் கடைக்காரர், சட்டென்று.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இல்லாத குதிரைக்கு நிறம் சொன்ன இரண்டு பேரின் கண்ணுக்கு ஒன்றுமில்லையாம். இல்லாததை இல்லை என்று சொன்னவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம்!

மனைவி திரையை நிறுத்தினாள்.

"அக்கா, உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்தப் படத்துல குதிரையே கிடையாது. குதிரையை நான்தான் விட்டேன்."

"நீ... விட்டியா?" என்றார் கடைக்காரர்.

"நான் எழுதறதைத் திருடிப் போட்டுக்கறதுக்குன்னே நாலஞ்சு தளம் இருக்குங்க. கேட்டா 'நாங்களே பார்த்து எழுதினது'ம்பாங்க. அதனால ஒவ்வொரு விமர்சனத்துலயும் இல்லாத ஒண்ணைச் சேர்த்துடுவேன். பசங்க காப்பி அடிச்சா எப்படிப் பிடிக்கிறோம்? ஒரே தப்பு ரெண்டு பேப்பர்ல இருந்தா ஆள் மாட்டினான். போன பாகத்துல ஒரு மஞ்சள் குடை வெச்சேன். இந்தத் தடவை குதிரை."

கரைக்காவலன்! கடைக்காரருக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. அப்படியானால் கடல் யாருடைய மௌனம் என்று அவர் இவ்வளவு நேரம் விளக்கிக்கொண்டிருந்தது... அதைக் கண்டுபிடித்து எழுதியவளுக்கே!

அக்கா மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். "தம்பியாவது எங்கேயோ படிச்சார். நேத்து முழுக்க மாடியில தண்ணித் தொட்டி கழுவினீங்களே, நீங்க எந்தக் குதிரையை ரெண்டு தடவை பார்த்தீங்க?"

"தம்பி இருக்குன்னு சொன்னார். ஒரு மரியாதைக்கு..." என்று இழுத்தார் சகலை.

அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரருக்கு அந்தச் சிரிப்பு எதுவும் காதில் விழவில்லை. அவருடைய கண் முன்னால் காபிக் கடைதான் நின்றது. இனி மறைத்துப் பயனில்லை. கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடுவது மேல்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார், நின்ற இடத்திலேயே. "நேத்து மட்டும் இல்லை, நான் எல்லாத்துலயும் தூங்கினேன். அன்னிக்கு உயிருன்னு சொன்னேனே, அது பொய். அந்தப் பேரையே அன்னிக்குத்தான் முதல் தடவையாக் கேட்டேன். கோவிச்சுக்கோ, திட்டிக்கோ. ஆனா..."

"தெரியுமே."

"எது?"

"அன்னிக்கே தெரியும். அதுல யாரை உங்களுக்குப் பிடிக்கும்னு பேச்சுவாக்குல கேட்டேன். 'எல்லாரையும்'னீங்க. அதுல முக்கால்வாசிப் பேர் குழந்தையைக் கொன்னவங்க."

"அப்புறம் எதுக்குச் சரின்னு சொன்னே?"

மனைவி சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு முன்னாடி பார்த்தேனே ரெண்டு பேர், அவங்க நிஜமாவே பார்த்தவங்க. ஒருத்தர், காபி வர்றதுக்குள்ள கதையில இருக்கற தப்பையெல்லாம் வரிசையா எனக்கு விளக்கினார். இன்னொருத்தர், பொண்ணுங்களுக்குப் போர் சீன்லாம் புரியுமான்னு ஆச்சரியப்பட்டார். நீங்க வந்தீங்க. ஒண்ணுமே தெரியாம, ஒண்ணுமே பேசாம உட்கார்ந்திருந்தீங்க. எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அக்கா ஏக்கத்தோடு பெருமூச்சு விட்டாள். சகலை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மனைவி முதலிலிருந்து மறுபடி போட்டாள். கடைக்காரர் சோபாவில் சுருண்டு உட்கார்ந்தார். வெட்கத்தில் தூக்கம் ஓடிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தார். ஐந்தாவது நிமிடம் வந்தது, போனது. பத்தாவது வந்தது. ராணி வாளைத் தூக்கியபோது தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபதாவது நிமிடத்தில் இளவரசன் கப்பலின் விளக்கை ஊதி அணைத்தான். ஏன் அணைத்தான்? எந்த விமர்சனத்திலும் இது இல்லையே! ஆறு வருடத்தில் முதல்முறையாக அவருக்கென்று சொந்தமாக ஒரு கேள்வி முளைத்தது. மனைவி பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, அந்த இளவரசன் எதுக்கு..."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்திலிருந்த தலையணையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"ஆறு வருஷம் நல்லாத்தானேங்க போச்சு? பேசாம தூங்குங்க."