பிற்பகல் ஒன்றரை மணிப் பரணி

அட்டவணைக்கோர் அரசனை, அறுவண்ணப் பேனாக்களை அம்புகளெனச் சட்டைப்பைத் தூணியிற் சுமந்த ஆண்டகையை, நாற்பத்திரண்டு கற்றல் நோக்கங்களை ஒரே மூச்சில் ஈன்றெடுத்த பெருந்தகையை, மூலக்குளத்துக்கு அப்பால் வயல் தூர்த்து எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவத் துறை உதவிப் பேராசிரியன் அன்பழகனை வாழ்த்தித் தொடங்குவோம்! இரண்டாயிரத்தாறாம் ஆண்டு ஆனித் திங்களில் அவன் ஆற்றிய பெரும்போரைப் பாடச் சொல் தருக, கலைத்தெய்வமே. சொல்லோடு சிரிப்பை அடக்கும் வலிமையும் சேர்த்துத் தருக!

அக்கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவர், குழந்தை நோய்களை இருட்டறைத் திரையில் ஸ்லைடுகளாகக் கண்டனரேயன்றி, காய்ச்சலிற் கொதிக்கும் ஒரு குழந்தையின் நெற்றியையேனும் தொட்டறியார். அவர்களைக் குழந்தைகள் வார்டில் நான்கு வாரம் நிறுத்திக் கட்டிலருகே கற்பிக்கும் போஸ்டிங் ஒன்றை வகுக்க எழுந்தான் நம் தலைவன். நோக்கம் உயர்ந்ததே, மறுப்பார் இலர். ஆயினும் அந்நோக்கத்தின் உச்சியில், 'திட்ட வடிவமைப்பு: டாக்டர் அன்பழகன்' என்று தடித்த எழுத்தில் அச்சாகவிருந்த முகப்புத்தாள் ஒன்று அவன் கண்ணுக்கு மட்டும் ஓயாது மின்னிக்கொண்டிருந்ததை மறைத்தல் உரையாசிரியர்க்கு அழகன்று.

பாடத்திட்டக் குழு கூடிய அறையே செங்களம். ஒவ்வொரு மணிநேரமும் ஒரு கோட்டை. ஒவ்வொரு துறைத்தலைவரும் தத்தம் கோட்டை வாயிலில் ஆவி பறக்கும் தேநீரோடு காவல் நின்றனர். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வளநாட்டை ஆண்டவர் அறுவை மருத்துவப் பேராசிரியர் இராமலிங்கம். அந்நாட்டின் எல்லையில் அன்பழகனின் பச்சைப் பேனா ஒரு நூலிழை நுழைந்தது கண்டு, சமோசாத் துகள்கள் எரிமலைச் சாம்பலெனச் சிதற அவர் முழங்கினார்:

"காலைல மட்டும் கைய வெக்காதீங்க தம்பி. வெச்சீங்க, நான் எழுந்து போயிடுவேன், ஆமா!"

இரண்டு மணிநேரம் வேலும் வாளும் மோதியதுபோல் மோதிய அச்சமரின் முடிவில், உரிமை கோருவார் ஒருவருமின்றி வெறிச்சோடிக் கிடந்த நிலமொன்று அட்டவணையில் தென்பட்டது: பிற்பகல் ஒன்றரை முதல் மூன்று வரை. அன்பழகன் பாய்ந்து கைப்பற்றினான், எதிர்ப்பார் இலர். ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இழுத்துவிட்டு நான்கு மணிவரை கண்ணயரும் இப்பழைய பிரெஞ்சு நகரில், அந்நிலம் ஏன் ஆளற்றுக் கிடந்தது என்பதை, விடுமுறைதோறும் ரெட்டியார்பாளையத்து வீட்டில் அதே நேரம் மின்விசிறிக்கடியில் குறட்டைவிடும் நம் தலைவன் எண்ணிப் பார்த்தானல்லன். எண்ணுதல் நாற்பத்திரண்டு நோக்கங்களுள் ஒன்றன்று.

பசிவயிற்றோடு கையெழுத்திட்ட டீன் கிருஷ்ணசாமி இறுதி முரசறைந்தார்:

"முதல் நாள் மூணு மணிக்கு, பன்னெண்டு பசங்களும் ஆளுக்கொரு குழந்தையப் பாத்து எழுதின தாளு என் மேசைக்கு வரணும். வரலன்னா பழையபடி ஸ்லைடுதான், அன்பழகன்."

திங்கட்கிழமை புலர்ந்தது, பிற்பகலும் ஆயிற்று. கஞ்சி மொடமொடக்கும் வெண்கோட்டு வீரர் பன்னிருவர் பின்தொடர, ஸ்டெதஸ்கோப் கழுத்தில் கருநாகமென நெளிய, அட்டவணையைக் கொடியென உயர்த்தி வார்டு வாயிலை எய்தினான் அன்பழகன். உள்ளே பதினான்கு கட்டில்களில் பதினான்கு குழந்தைகளும், கட்டிலடிதோறும் தாய்மாரும் துயில்கொண்டிருந்தனர். வாயிலை மறித்து நின்றார் குருசுக்குப்பத்துத் தலைமைச் செவிலி ஜோசெத். அவர் உயர்த்திய ஒற்றை விரலுக்கு முன் பன்னிரு வீரரும் எடுத்த காலோடு நின்றனர்.

"டாக்டர், நில்லுங்க. எல்லாம் இப்பதான் கண்ண மூடிச்சிங்க. மூணு மணி வரைக்கும் இங்க சியெஸ்த், மத்தியானத் தூக்கம். பெரிய டாக்டரே இந்நேரம் எட்டிப் பாக்க மாட்டாரு."

"இது பாடத்திட்டம், சிஸ்டர்! டீன் கையெழுத்துப் போட்டிருக்காரு!"

"கையெழுத்தா? பசங்கள எழுப்பாம அதப் படிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

இகழ்ச்சி பொறாத ஏந்தல் அரணைக் கடந்தான். முதற்கட்டிலில், இரண்டு நாள் இழுப்பில் திணறி அன்றுதான் உறங்கிய இரண்டு வயது மகவின் மார்பில், ஏசிக் குளிர் ஏறிய உலோக வட்டத்தைப் பதித்தான். அந்தோ! முதற்கட்டிலின் ஓலம் இரண்டாவதைத் தீண்ட, இரண்டாவது மூன்றாவதை எழுப்ப, யானைப்படை கலைந்தோடுகையில் எழும் பிளிறலைப் பூனைக்கத்தலாக்கும் பேரோலம் பதினான்கு கட்டில்களையும் சுற்றி வளைத்தது. மகவின் தாய் அஞ்சலாட்சி தரையிலிருந்து எழுந்தாள். எழுந்த விதத்தில் பன்னிருவரும் சுவரோடு சுவராயினர்.

"ஏன் டாக்டரு, ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லாத புள்ள! இப்பதான இழுப்பு அடங்குச்சு? உங்க படிப்புக்கு எம்புள்ளதான் கெடச்சுதா? இந்தாங்க. நீங்களே தூங்க வெச்சுட்டுப் போங்க!"

குழந்தை தலைவன் கரம் சேர்ந்தது. அழும் குழந்தையைத் தூக்கும் முறை எந்த நோக்கத்திலும் எழுதப்படாமையால், அவன் அதனைப் பூசணிக்காய்போல் வயிற்றோடு அணைத்துத் திகைத்தான்.

"சார், தோள்ல போட்டுத் தட்டுங்க சார்," என்று சுவரிலிருந்து கிசுகிசுத்தாள் மாணவி சிவசங்கரி. "எங்க அக்கா அப்டித்தான் செய்யும்."

தோளிற் போட்டான், தட்டினான், தாழ்வாரத்தில் நடந்தான். காலடியில் அறுவண்ண அட்டவணை கசங்கியது. மூன்று அடித்தது. ஒரு வரியும் எழுதப்படாத பன்னிரண்டு தாள்கள் டீனின் மேசைக்குச் சென்றன. 'போஸ்டிங் ரத்து' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தன. மண்ணகம் அதிர முரசறைந்து தொடங்கிய மாபெரும் படையெடுப்பின் ஒரே தளபதி, தோளில் எச்சில் வழிய, நூற்றுப்பதினோராம் முறையாகத் தாழ்வாரத்தின் மறுகோடியைத் தொட்டுத் திரும்பினான்.

குழந்தை மூன்றரைக்குத் தூங்கியது.