ஒரே பெயர் வெட்டிய இரண்டு சட்டிகள்

மதுரை
12-8-1934

ரங்கூனில் ஜவுளி வியாபாரம் நடத்திவரும் மகா கனம் பொருந்திய நைனா முகமது அவர்களுக்கு, அக்காள் புருஷன் பக்கீர் முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்காள் ஷரீபாவும் சுகம். சுகம் என்று எழுதுவது மரியாதைக்காக. "வீடு எனக்கு வேண்டியிருக்கிறது, குடியிருப்பவர் காலி செய்யவும்" என்று உன் கையெழுத்தில் ஒரு வரி உடனே அனுப்ப வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்தில் இருக்கும் உன் வீட்டை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வாத்தியாரம்மாவுக்கு வாடகைக்கு விட்டேன் அல்லவா, மிஸ் வில்கின்ஸ் என்று பெயர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார், குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் பெரிய தொந்தரவே. குடிவந்த அன்றைக்குப் புது வீட்டில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார் என்று தெருவில் பன்னிரண்டு வீட்டிலிருந்து சாப்பாடு போயிற்று. ஷரீபாவும் ஒரு சட்டி நெய்ச்சோறு அனுப்பினாள். சட்டியைத் திருப்பித் தரவேண்டும் என்று அந்தம்மாவுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எல்லாம் தனக்கு வந்த சீர் என்று நினைத்து, பளபளவென்று துலக்கி, கூடத்தில் வரிசையாக அடுக்கி, வீட்டுக்கு வீடு நன்றிக் கடிதமும் அனுப்பிவிட்டார். வாய்விட்டுக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். எட்டு நாள் நம் வீட்டில் குழம்பு வைத்தது தண்ணீர் மொள்ளும் செம்பில். கடைசியில் ஷரீபா போய், "நாங்க சட்டிய வெறுமனே திருப்பித் தர்றதில்லம்மா" என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாளே பன்னிரண்டு சட்டியும் கேக்கோடு கிளம்பின. நமக்கு மட்டும் இரண்டு. ஒன்று நம்முடையது, இன்னொன்று எதிர்வீட்டு பீர் முகமதுவுடையது. என் கூடப்பிறந்த அண்ணன்தான். என் மகள் நிக்காஹ் விருந்தில் இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தேன் என்று கோபித்துக்கொண்டு போனவர், இரண்டு வருஷமாய்ப் பேச்சு இல்லை, உனக்கும் தெரியும். இரண்டு சட்டியும் எங்கள் அம்மா கொண்டுவந்தவை, பாகம் பிரித்தபோது ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம், இரண்டிலும் சைனப் என்று அம்மா பெயர் வெட்டியிருக்கும். வாத்தியாரம்மா அதை வாசித்துவிட்டு, "ஒரே பெயர் போட்டிருக்கிறது, ஒரே வீடுதானே?" என்று என்னையே கேட்கிறார். நான் என்ன சொல்ல முடியும்? இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் சட்டியை வெறுமனே அனுப்பலாமா? ஷரீபா அது நிறையத் தாளிச்சாக் குழம்பை ஊற்றி, "நீங்களே கொண்டு போங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் போனேன். கதவைத் திறந்துகொண்டு அண்ணன் நிற்கிறார். "வச்சுட்டு ஓடுறதுக்கு நீ என்ன பால்காரனாடா? உள்ள வா" என்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன், உன்னிடம் மறைக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது வினை. தினம் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வந்துவிடுகிறார், என் நாற்காலியில்தான் உட்காருகிறார், கடைப் பலகை கோணல், பொண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை குட்டை, "இம்புட்டு வெல கொறச்சு வித்தா கடை என்னத்துக்குடா ஆகும்?" இப்படி இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து வைத்த ஏச்சை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விடுகிறார். அம்புட்டு நிம்மதியா இருந்தேன் மாப்ள, கட்டிக் காப்பாத்துன ரோசம் ஒரு சட்டி தாளிச்சாவுல போச்சு. எல்லாத்துக்கும் காரணம் அந்தம்மாதான். வரியை உடனே அனுப்பு.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நோயில்லாத உடம்பையும், தூரத்தில் குடியிருக்கும் அண்ணன்மாரையும் தருவானாக.

இப்படிக்கு,
பக்கீர் முகமது

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது வாத்தியாரம்மா வந்தார். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அறை தருகிறார்களாம், மாதக் கடைசியில் காலி செய்கிறாராம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாங்க ரெண்டு பேரும் நாளைக்கே மறுபடி முறுக்கிக்கிட்டா, சட்டிய மாத்திக் கொடுக்க யாரு இருக்கா? மூன்று வருஷத்துக்குக் காலி செய்யக் கூடாது என்று வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நாற்காலியில் இருந்த அண்ணன், தானும் அதைப் படித்ததாகச் சொன்னார். அந்தம்மா அந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆகையால் மேலே கேட்ட வரியை எழுதிவிடாதே. மூன்று வருஷத்துக்குக் காலி செய்யக் கூடாது என்று எழுதி அனுப்பு, தேதி மட்டும் போன மாசத்துத் தேதியாகப் போடு.