மாவு படிந்த வீடியோ

கள்ளக்குறிச்சி,
ஞாயிறு, பூசை முடிந்து

மரியாதைக்குரிய ராயப்பன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் ஷீபா தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். சின்னசேலத்தில் உங்கள் மூட்டுவலியும் அத்தையின் கோபமும் குறைந்திருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் போனில் இடமில்லை, வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் போய்ச் சேருவதில்லை. அதனால்தான் கடிதம்.

கரியாலூர் கபடி ஃபைனலுக்கு அம்மா வரவில்லை, பயிற்சி முகாமுக்கும் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? விழாக்குழு ட்ரோன் எல்லாம் விட்டு எடுத்த வீடியோவைக் காட்டினால் மனம் மாறும் என்று நம்பினேன். அவ்வளவு தெளிவு மாமா. அதுதான் வினை. முதல் காட்சியிலேயே, "இன்னாடி, முட்டி தெரியுது! ஊரே பாத்துக்கினு இருந்துச்சா?" என்றார்கள். ஓட்டி ஓட்டிக் கடைசி ரெய்டுக்குப் போனால், அந்த நேரம் பார்த்து எவரோ பிரமுகர் காரில் வந்து இறங்கியிருக்கிறார், மொத்தக் கேமராவும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. அவர் மோதிரத்துக் கல்லைக்கூட எண்ணலாம். பொண்ணுங்க உயிரைக் குடுத்து ஆடுறோம், இவனுங்களுக்குச் சால்வைதான் பெருசு. அம்மா டிவியை அணைத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல், நீங்கள் போனில் எடுத்து, அன்றே நான் என் போனுக்கு ஏற்றிக்கொண்ட வீடியோவைப் போட்டேன். உங்க சேகோ பேக்டரி ஜவ்வரிசி மாவு லென்ஸ்ல அப்பிக்கினு, பாதித் திரையில உங்க கட்டைவிரல், மீதியில வெள்ளையா என்னமோ அசையுது. முட்டியாவது ஒண்ணாவது, ஆளே தெரியல. ஆனா உங்க குரல்! "பாடு ஷீபா, வுடாத! கோட்டத் தொட்டுட்டாடா! எங்க அக்கா பொண்ணுடா அவ!" அப்புறம் மூக்கை உறிஞ்சுற சத்தம். அம்மா அந்த வெள்ளையையே பாத்துக்கினு அழுதாங்க. "எந்தம்பி எங்கப்பா செத்தப்பக்கூட இப்பிடி அழுவலடி, திருப்பிப் போடு"ன்னு நாலு வாட்டி. கடைசியில முகாம் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. எல்லாம் உங்களால்தான் மாமா. சாகும்வரை மறக்கமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். மாதா உங்கள் தொண்டையைக் காக்கட்டும்.

நன்றியுடன்,
ஷீபா

பி.கு.: மாமா, அந்தக் கடைசி ரெய்டு போனது நான் இல்லை, எங்கள் டீம் மணிமொழி. நான் எப்பவோ அவுட்டாகி உங்களுக்குப் பத்தடி தள்ளி உக்காந்துகினு இருந்தேன். அம்மாவிடம் முகாம் முடிந்து வந்து சொல்லிக்கொள்கிறேன். மணிமொழி வூட்ல எல்லாரும் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தாங்க, அவளைப் பாக்க யாரும் வரல. அவ ஜெயிச்சது நீங்க எடுத்த வீடியோல மட்டும்தான் இருக்கு. அனுப்பி வெச்சேன். தினமும் போட்டுக் கேக்கிறாளாம். "பேருதான் தப்பு, அழுதது எனக்குத்தானே?"ன்னா. ஆமான்னு சொல்லிட்டேன்.